மாமி வீட்டுக் கொலுவில் ஓர் இத்தாலியப் பாட்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதுவும் என் பாட்டில் யாராவது குறை சொல்லிவிட்டால் அன்றைக்கு அடுப்பில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே இறங்கும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டு மாமிக்கு இதில் பெரும்பங்கு உண்டு. நவராத்திரிக்கு அவர் வீட்டுக் கொலுவுக்குப் போகிறவர்கள் ஒரு பாட்டுப் பாடினால்தான் சுண்டல் கைக்கு வரும். நான் பாடி முடித்ததும், சுண்டல் எடுக்கப் போகிற வழியிலேயே மாமி ஆரம்பித்துவிடுவார்.

"நிஷாதம் சரியா நிக்கலை. அனுபல்லவியில என்னடி அவ்வளவு அவசரம், ரயிலுக்கா போறே?"

நான் மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் வீட்டுப் பெண். எட்டு வயதிலிருந்து முறையாகப் பாட்டுக் கற்றவள். மாமிக்கு முன்னால் தலையை ஆட்டிவிட்டு, படியேறும்போது கணவரிடம் பொருமித் தீர்ப்பேன். "அவங்களுக்கு என்னங்க தெரியும்?" என்பேன். "தெரியாதவங்க சொன்னா நீ ஏன் இப்படிக் கொதிக்கிற?" என்பார் அவர். அடுத்த வருஷம் அந்த நிஷாதத்தைச் சரிசெய்துகொண்டுதான் போவேன் என்பது வேறு விஷயம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் தைராய்டுக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். உடம்பு தேறிவிட்டது, பேச்சும் பழையபடி வந்துவிட்டது. பாட்டு மட்டும் வரவில்லை. மேலே போனால் குரல் பிசிறியது, வேகமான சங்கதி எதுவும் தொண்டையில் உருளவில்லை. இருந்தாலும் வீராப்பாக அந்த வருஷமும் கொலுவுக்குப் போய் உட்கார்ந்து பாடினேன். பாதியில் குரல் உடைந்தது. எப்படியோ இழுத்து முடித்துவிட்டு மாமியின் முகத்தைப் பார்த்தேன்.

மாமி என் தோளைத் தடவினார். "ரொம்ப நன்னா இருந்ததுடிம்மா" என்றார். ஒரு குறை சொல்லவில்லை. வழக்கமாக ஆளுக்கு ஒரு கரண்டிச் சுண்டல் வைக்கிறவர், என் தொன்னையில் மட்டும் இரண்டு கரண்டி வைத்தார்.

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஊரில் யாருக்கும் முகத்துக்காக ஒரு வார்த்தை சொல்லாத மாமி, என்னைப் பார்த்துப் பொய் சொல்கிற நிலைக்கு வந்துவிட்டேனே என்றுதான் அழுகை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நவராத்திரிக்கும், "தொண்டை கட்டியிருக்கு மாமி" என்று சொல்லிவிட்டு வெற்றிலை பாக்கை மட்டும் வாங்கி வந்துவிடுவேன். மாமியும் வற்புறுத்தவில்லை. அவர் வற்புறுத்தாததுதான் எனக்கு இன்னும் வலித்தது.

போன வருஷம் ஆடி மாதம் இதில் ஒரு பென்டிரைவ் புகுந்தது. என் கணவருக்கு லால்குடியில் விதைக்கடை. காரில் கேட்க, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில் பழைய சினிமாப் பாட்டுப் போட்டு வாங்கி வந்திருந்தார். நானும் டவுனில் ஒரு வேலையாக அவரோடு போனேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது, புரியாத பாஷையில் ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"கடைக்காரன் எதையோ மாத்திப் போட்டுட்டான்" என்று பாட்டை மாற்றக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

அந்த அம்மாள் அவசரமே படவில்லை. ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அது முழுசாக விரியும்வரை அதிலேயே நின்றாள். பின்னால் பத்து இருபது வயலின்கள் சினிமாப் பாட்டு மாதிரி ஒலித்தன. சங்கதி மேல் சங்கதி இல்லை, துரிதம் இல்லை. பாலம் தாண்டுவதற்குள் எனக்கு ஒன்று தோன்றிவிட்டது. இது என் தொண்டைக்கு முடியும்.

சென்னையில் இருக்கும் மகளுக்கு அந்தப் பாட்டை அனுப்பினேன். அவள் தேடிப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். அந்தப் பாடகி ஓபெரா சங்கீதம் முறையாகப் படித்தவளாம், எல்லோரும் கேட்கிற மாதிரி மெல்லிசையும் கலந்து பாடுவாளாம், இந்த ஆல்பம் முழுக்க இத்தாலிய மொழியாம்.

"இதுல என்ன வேடிக்கைன்னா, அது அவங்க தாய்மொழியே இல்லம்மா. நீ தெலுங்குக் கீர்த்தனைக்குப் பண்ற மாதிரி அவங்களும் நோட்டுல எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணியிருப்பாங்க."

எனக்கு அந்த அம்மாளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கூடவே ஒரு குயுக்தியும் பிறந்தது. கீர்த்தனை பாடினால்தானே ஸ்ரீரங்கத்தில் ஆளுக்கு ஒரு குறை சொல்வார்கள்? இத்தாலியப் பாட்டில் யார் என்ன குறை கண்டுபிடிக்க முடியும்? பரிதாபப்படவும் முடியாது, மூலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே பரிதாபப்பட. வருகிற நவராத்திரிக்கு மாமி வீட்டில் உட்கார்ந்து பாடிவிடுவது என்று முடிவு செய்தேன். அங்கேயும் குரல் உடைந்தால் இந்த ஜன்மத்தில் வாயே திறப்பதில்லை என்றும் முடிவு செய்தேன்.

ஆல்பத்தின் நாலாவது பாட்டைத் தேர்ந்தெடுத்து, சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, மேலே ஸ்வரம் போட்டேன். மூன்று மூன்றாகப் போன பாட்டை ரூபக தாளத்தில் அடக்கினேன். அந்த அம்மாள் உச்சியில் பாடியதை நான் என் சௌகரியத்துக்குக் கீழே இறக்கிக்கொண்டேன். போனில் சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு, மாமிக்குக் கேட்கக் கூடாது என்று மிக்ஸி ஓடும்போது மட்டும் பாடிப் பழகினேன்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்த கணவர் பதினோராம் நாள் கேட்டார், "ஏம்மா, இப்பல்லாம் சட்னி ஏன் கூழாவே வருது?"

"தோசைக்குத் தொட்டுக்கத்தானே, எண்ணிப் பாக்கவா?" என்றேன்.

கொலுவுக்கு இரண்டு நாள் முன்னால் மகள் அந்தப் பாட்டின் அர்த்தத்தை அனுப்பினாள். அதுவரை அது ஏதோ பிரார்த்தனை என்றே நான் நினைத்திருந்தேன். அந்த உருக்கத்தைக் கேட்டால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஒருத்தி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காதலனுக்காகக் காத்திருக்கிறாளாம். தினமும் விளக்கேற்றிவிட்டு அதைத்தான் பூஜை அலமாரிக்கு முன்னால் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கணவர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. வேறு பாட்டுப் பழக நாள் இல்லை. வருவது வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொலுவின் முதல் நாள் சாயங்காலம் மாமி வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் மாமி வெற்றிலைத் தட்டை எடுக்கப் போனார். "இருங்க மாமி, நான் பாடுறேன்" என்றேன். மாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

முதல் இரண்டு அடி நடுங்கியது. மூன்றாவது அடியில் மூச்சு பிடிபடாமல் நடுவில் விட்டேன். பிறகு பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேலே போக வேண்டிய ஒரே இடத்தில் குரல் பிசிறியது, ஆனால் உடையவில்லை. கடைசியில் ஒரு தப்புச் செய்தேன். அந்த அம்மாள் கடைசிச் சரணத்தோடு நிறுத்திவிடுவாள். பல்லவிக்குத் திரும்பாமல் ஒரு பாட்டை முடித்து எனக்குப் பழக்கமில்லை. வாய் தன் பாட்டுக்கு முதல் அடிக்குத் திரும்பி, ரூபகத்தில் மூன்று தரம் பாடியது, கை தொடையில் தட்டி முடித்தது.

பக்கத்து வீட்டுப் பெண், "என்ன பாஷைங்க இது?" என்றாள். இத்தாலி என்றேன். மாமி மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"கீரவாணி மாதிரி இருக்கு" என்றார் கடைசியில். "என்ன அர்த்தம்?"

"ஒருத்தி ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டு இருக்கா மாமி."

"இருக்கட்டும். இந்த ஊர் பெருமாளுக்கு அது ஒண்ணும் புதுசில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்தார். சுண்டல் பாத்திரத்துக்குப் போகும் வழியில் திரும்பினார். "ஆனா மூணாவது அடியில மூச்சு விட்டியே, அங்க விடப்படாது. மேல போறதுக்கு முன்னாடியே பயந்துடறே, மூஞ்சியிலேயே தெரியறது. முடிக்கறச்சே சுருதி ஒரு நூல் இறங்கிடுத்து. அதைச் சரிபண்ணிண்டு சரஸ்வதி பூஜை அன்னிக்கு வந்து திரும்பப் பாடு."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. தொன்னையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினேன். கதவைத் திறந்த கணவர், "என்ன சொன்னாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ன சொல்லுவாங்க? மூச்சு சரியில்லையாம், சுருதி இறங்கிடுச்சாம். இத்தாலிப் பாட்டுல அவங்களுக்கு என்னங்க தெரியும்? நான் பாடினது இவங்க சொல்ற மாதிரியா இருந்துச்சு? மூணாவது அடியில மூச்சு விடாம யாரால பாட முடியும்?"

அவர் சிரித்துக்கொண்டே நின்றார். "எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டேன்.

"நீ இப்படித் திட்டிக்கிட்டே படியேறி ஏழு வருஷம் ஆச்சு" என்றார்.

கையிலிருந்த தொன்னையைப் பார்த்தேன். ஒரே ஒரு கரண்டிச் சுண்டல்தான் இருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து, அவருக்கு ஒரு கடலைகூடக் கொடுக்காமல், கண்ணைத் துடைத்துத் துடைத்து அத்தனையையும் நானே தின்றேன்.