மழைப் பாதையில் திக்காத லேப்டாப்

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். பொழுதுபோக்கு என்ன? எம்பிராய்டரி என்றேன். அப்படிச் சொல்லச் சொன்னது என் சித்தி. சமையல் என்றால் செய்து காட்டச் சொல்வார்கள், பாட்டு என்றால் பாடச் சொல்வார்கள், எம்பிராய்டரி என்றால் யாரும் அந்த இடத்திலேயே ஊசியைக் கையில் கொடுக்க மாட்டார்கள் என்பது சித்தியின் யோசனை. அது பலித்தது. வரப்போகும் மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. தனக்கும் சின்ன வயதிலிருந்தே அதில் ஆசை, கற்றுக்கொடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் நிஜமான பொழுதுபோக்கு கார் பந்தயம். கம்ப்யூட்டரில்தான். நிஜத்தில் எனக்கு சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்ட வராது.

அப்போது பெங்களூர் ஓரத்தில், பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் டிசைன் பிரிவில் வேலை. பக்கத்திலேயே பி.ஜி. விடுதியில் ஜாகை, ஓர் அறையில் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டால் அதற்குமேல் செய்ய ஒன்றும் இருக்காது. ஊருக்கு மெயில் அனுப்பத் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போனவள், அடுத்த தடுப்பில் யாரோ விட்டுப்போன கார் விளையாட்டைத் தொட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்துக்கு என்று உட்கார்ந்து மூன்று மணி நேரம் கழித்து எழுந்தேன். அதன் பிறகு இரண்டு வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறியதில்லை. ஒரு பெண் வந்து உட்கார்ந்து கார் ஓட்டுகிறாள் என்று முதலில் எட்டி எட்டிப் பார்த்தவர்கள், நான் ஜெயிக்க ஆரம்பித்ததும் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

கல்யாணம் நிச்சயமானதும் எனக்கு முதலில் வந்த கவலை இதுதான். கழுத்தில் தாலியோடு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார முடியாது. மாப்பிள்ளை வீடு சிவாஜிநகர் பக்கம், இரண்டே அறை. மேசை போட்டுக் கம்ப்யூட்டர் வைக்க இடம் கிடையாது. அதனால் கல்யாணத்துக்கு முன்பே ஒரு லேப்டாப் வாங்கிவிட வேண்டும், அதுவும் விளையாட்டுக்குத் தாங்குகிற லேப்டாப். கையில் நாற்பதாயிரம் இருந்தது. அப்பா அதை நகையோடு சேர்க்கலாம் என்றார். ஆபீஸ் வேலைக்கு லேப்டாப் இல்லாமல் முடியாது என்று ஒரே போடாகப் போட்டேன். எம்பிராய்டரிக்கு அடுத்த பொய்.

சென்டர் நடத்தியவர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். படம் காட்டுவதற்கென்று தனி கார்டு உள்ளே இருக்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பக் கூடாது, பொதுவாக இருக்கும் மெமரியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு அதைத் தனி கார்டு மாதிரி பெரிய எண்ணாகப் போட்டுக்கொள்வார்கள். விளையாட்டு டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் ஒரே வழி. எதை ஓட்டுவது என்பதும் எனக்குத் தெரியும். அந்த விளையாட்டில் மழை பெய்யும் மலைப்பாதை ஒன்று உண்டு. சோப்ளாங்கி மெஷின்கள் எல்லாம் அங்கே மழை வந்ததும் திக்கித் திக்கி நின்றுவிடும்.

தனியாகத்தான் போவதாக இருந்தேன். சனிக்கிழமை போனில் பேசும்போது, லேப்டாப் வாங்க எஸ்.பி. ரோடு போகிறேன் என்று வாய் தவறி மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூர். அந்த ரோடு தனக்குத் தலைகீழ்ப் பாடம், தானும் வருவதாக அவர் சொன்னபோது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மறுநாள் மார்க்கெட் பஸ்ஸில் போகும்போது கைப்பையில் டிஸ்க் இருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றி அடியில் வைத்திருந்தேன்.

முதல் கடையில் விற்பனையாளர் என்னைப் பார்த்த கையோடு வெள்ளி நிறத்தில் ஒல்லியாக ஒன்றை எடுத்து வைத்தார். லேடீஸுக்கு ஏற்ற எடை என்றார். நான் என்ன அதை இடுப்பிலா தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறேன் என்று கேட்க வந்ததை அடக்கிக்கொண்டேன். இவருக்கும் அதுதான் பிடித்திருந்தது. தனி கார்டு உண்டா என்றேன். விற்பனையாளர் என்னை விட்டுவிட்டு, இவரைப் பார்த்து உண்டு என்றார். ஸ்டிக்கரையும் தொட்டுக் காட்டினார். ஆபீஸ் சாப்ட்வேர் ஒன்று இருக்கிறது, போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கெல்லாம் நேரமில்லை என்று கையை விரித்துவிட்டார்.

இரண்டாவது கடையிலும் அதே கதை. மூன்றாவது கடைக்காரர் மட்டும் போட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டார், கடையில் கூட்டமில்லாதது காரணமாக இருக்கலாம். ஏற்றி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அதற்குள் டீ வாங்கி வருவதாக இவர் எழுந்து போனார். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது எனக்கு. முதலில் பளபளவென்று இருந்த ஒன்றில் போட்டேன். நல்ல ரோட்டில் ஓடியது. மலைப்பாதையில் மழை தொடங்கியதும் கார் தவளை மாதிரி தத்தியது. இதைவிட நல்லது இல்லையா என்றதும், கடைக்காரர் தயங்கித் தயங்கி அலமாரியின் அடியிலிருந்து கறுப்பாக ஒன்றைத் தூக்கி வைத்தார். அம்மிக்கல் கனம். பல மாதமாகக் காட்சிக்கு வைத்தது, மூடியில் நீளமாக ஒரு கீறல், பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்காது, சீக்கிரம் சூடாகும், அதனால்தான் யாரும் எடுக்கவில்லை என்று அவரே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

டீக்கடையில் கூட்டம் போல, இவர் இன்னும் வரவில்லை. அதிலும் ஏற்றினேன். மழை தொடங்கியது. கார் திக்கவே இல்லை. கண்ணாடியில் விழுந்த துளி ஒவ்வொன்றும் வழிந்து ஓடுவது தெரிந்தது. எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. வளைவுக்கு வளைவு நாற்காலியோடு சாய்ந்திருக்கிறேன். முன்னால் ஒரு மஞ்சள் கார் வழியை மறித்தபடி போனது. "டேய், ஓரமா போடா" என்று நான் சொன்னது கடை முழுக்கக் கேட்டிருக்கும். அதை முந்தி, எல்லைக் கோட்டைத் தாண்டி, நிமிர்ந்தால் இரண்டு கையிலும் டீயோடு இவர் நிற்கிறார்.

"ஆபீஸ் சாப்ட்வேர்னு சொன்னீங்க" என்றார்.

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. இனி மூடி மறைத்து என்ன பயன்? "இல்லீங்க, கேம்தான். ரெண்டு வருஷமா ஆடிட்டிருக்கேன். கல்யாணத்துக்கு அப்புறமும் ஆடணும்னுதான் இத வாங்குறேன்."

"அப்ப எம்பிராய்டரி?"

"பட்டன் தைப்பேன். அவ்ளோதான் தெரியும்."

அவர் டீயை மேசையில் வைத்தார். கோபமா இல்லையா என்று முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கல்யாணம் நின்றுபோனால் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று என் மனம் அதுபாட்டுக்கு ஓடியது. அவர் மெதுவாகச் சொன்னார், "எங்கம்மா சிவாஜிநகர் முழுக்க சுத்தி ஃபிரேமு, நூலு எல்லாம் வாங்கி வச்சிட்டாங்க. நீங்க வந்து கத்துக்குடுப்பீங்கன்னு தெருவெல்லாம் சொல்லியாச்சு."

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவரோ கடைக்காரர் பக்கம் திரும்பி, மூடியின் கீறலைத் தடவியபடி கன்னடத்தில் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார். கீறல், பேட்டரி, சூடு என்று கடைக்காரர் சொன்ன குறைகளையே ஒவ்வொன்றாக அவருக்குத் திருப்பிக் கொடுத்தார். நாற்பத்து நாலில் தொடங்கியது நாற்பதில் வந்து நின்றது, பையும் மவுஸும் சேர்த்து. பஸ் ஸ்டாண்டு வரை அந்தக் கனத்தைத் தோளில் சுமந்து வந்தவர், பஸ் ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எனக்கு ஒண்ணுமில்ல. அம்மாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க."

நான் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து வீட்டுக்குப் போன முதல் வாரமே மாமியார் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். உள்ளே வானவில்லில் இல்லாத நிறங்களில்கூட நூல் இருந்தது. கூடவே துணியை மாட்டித் தைக்கும் மர வளையங்கள் இரண்டு, பெரியது ஒன்று, சின்னது ஒன்று. "அவசரமில்லமா, நீ எப்ப ஆரம்பிக்கிறியோ அப்ப சொல்லு, நானும் பக்கத்துல உக்காந்துக்குறேன்" என்றார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

கோடை வந்தது. கடைக்காரர் சொன்னபடியே லேப்டாப் கொதித்தது. அடிப்பக்கம் காற்றுப் போகாமல், மழைப் பாதையின் நடுவே தானாக அணைந்துவிடும். ஜெயிக்கிற நேரம் பார்த்து அணைந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதைத் தூக்கி நிறுத்த ஏதாவது கிடைக்குமா என்று ஒரு ஞாயிறு மதியம் வீட்டைத் துழாவினேன். புத்தகம் வைத்தால் அடைத்துக்கொண்டது. டம்ளர் வைத்தால் சரிந்தது. அலமாரியில் பெரிய வளையம் கண்ணில் பட்டது. நடுவில் வெற்றிடம், சுற்றிலும் மரம். அளவெடுத்துச் செய்தது போல லேப்டாப் அதன்மேல் உட்கார்ந்தது. அன்று மூன்று பந்தயம் ஓட்டியும் அணையவில்லை. சந்தோஷத்தில் கதவைச் சாத்த மறந்துவிட்டேன்.

துணி மடிக்க வந்த மாமியார் நின்று பார்த்தார். பார்வை திரையில் தொடங்கி, லேப்டாப்பின் அடியில் வந்து நின்றது. "இதுக்கா வளையம்?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி சொல்லிக்கொடுத்தது, எஸ்.பி. ரோடு, ஒன்று விடாமல். தப்பு என்னுடையதுதான் என்றேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த துணியை நீவிக்கொண்டே இருந்தார்.

"நாலு மாசமா காத்துட்டிருக்கேன்" என்றார். "உனக்கு நேரமில்லபோலன்னு நெனச்சு கேக்கல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்துபோய்ப் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தேன். பெரிய வளையத்தையும் தருவதற்காக லேப்டாப்பைத் தூக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது உனக்கு இருக்கட்டும். சின்னது எனக்குப் போதும். கீழ் வீட்டுக்குப் புதுசா வந்த அம்மாவுக்கு எம்பிராய்டரி தெரியுமாம், அவங்ககிட்ட கத்துக்குறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் சின்ன வளையத்தில் துணியை மாட்டிக்கொண்டு என் அறைக்கே வந்து உட்கார்ந்தார். முதல் இலை கோணலாகத்தான் வந்தது. பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நான் மழைப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். நடுவில் ஊசியில் நூல் கோக்க என்னிடம் நீட்டினார். பந்தயத்தை நிறுத்திவிட்டுக் கோத்துக் கொடுத்தேன்.