சின்னது எந்தப் பக்கம்?

ஒரு மாதமாக ரமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஷ்ராந்த்வாடியில் ஒரு வங்கிக் கிளையை அதட்டி மேய்க்கிறவள், வீட்டில் குக்கரை மறந்து சாதத்தைக் குழைய விட்டாள். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வானத்தில் ஒட்டினாற்போல் நிற்கும் இரண்டு கேலக்ஸிகள். பெரியதே மங்கல், சின்னது அவளுடைய வானம் பார்க்கும் குழுவில் யார் கண்ணிலும் பட்டதில்லை.

போன அமாவாசைக்கு, ஜுன்னர் பக்கத்துத் தோட்டத்தில் தொலைநோக்கியோடு கூடியபோது, "பார்த்துட்டேன்! இடது பக்கம் இருக்கு" என்று கத்தினாள். குழுத் தலைவி தீப்தி முதல் ஆளாகக் கை தட்டினாள். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு: தேடப்போவதன் போட்டோவை முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. கண் பார்க்கும் முன்னே மனசு பார்த்துவிடும். ரமா அதைப் போனில் பார்த்திருந்தாள். சும்மா, ரிக்‌ஷாவில் வரும்போது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. போட்டோவில்தான் சின்னது இடது பக்கம். அவள் தொலைநோக்கி எல்லாவற்றையும் தலைகீழாக, இடம் வலம் மாற்றிக் காட்டுவது. நிஜமாகவே பார்த்திருந்தால் வலது பக்கமல்லவா தெரிந்திருக்க வேண்டும்? அப்படியானால் அன்றைக்குப் பார்த்தது எதை?

இந்த அமாவாசைக்கு, காரோட்ட என்று கணவர் பத்மநாபனை இழுத்துக்கொண்டு போனாள். அவருக்கு நட்சத்திரமும் ஒன்றுதான், தெருவிளக்கும் ஒன்றுதான். மப்ளருக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

இருட்டினதும் ரமா குனிந்தாள். சின்னது இடதிலும் தெரிந்தது, வலதிலும் தெரிந்தது. நினைத்த இடத்திலெல்லாம் தெரிந்து தொலைத்தது.

"ஏன்னா, சித்த வாங்கோ. என்ன தெரியறதுன்னு சொல்லுங்கோ."

அவர் வெகுநேரம் குனிந்தே நின்றார். "ஒண்ணுமே இல்லையேடி... இரு, பஞ்சாட்டம் ஏதோ இருக்கு."

"அவ்வளவுதானா?"

"நேராப் பார்த்தா அவ்வளவுதான். ஓரக்கண்ணால பார்த்தா பக்கத்துல குட்டியா இன்னொண்ணு."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். ஏன், என்னாச்சு?"

ரமா, டீ ஊற்றிக்கொண்டிருந்த தீப்தியிடம் விறுவிறுவென்று போய், எல்லோருக்கும் கேட்கும்படி ஹிந்தியில் சொன்னாள்: "அந்தச் சின்னதை நம்மில் முதலில் பார்த்தவர் என் கணவர். நான் இன்னும் பார்க்கவில்லை."