ரோபோக்களுக்குள் என்ன தகராறு

போன ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் மகளோடு ஒரு கார்ட்டூன் படத்துக்குப் போயிருந்தேன். வண்டியாக மாறுகிற ரோபோக்களின் கதை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த வரிசையில் எத்தனையோ படங்கள் வந்துவிட்டன; எல்லாவற்றிலும் இரண்டு தலைவர்கள் ஜென்மப் பகையோடு மோதிக்கொள்வார்கள். இந்தப் படம் அதற்கெல்லாம் முந்திய கதையாம். சோறு தின்கிற ரோபோக்களாக இருந்திருந்தால் ஒரே தட்டில் தின்றிருப்பார்கள், அப்படிப்பட்ட சிநேகிதர்கள் எப்படி விரோதிகளானார்கள் என்று சொல்கிறது.

இரண்டு பேரும் பிரிகிற கட்டம். அரங்கமே மூச்சு விடவில்லை. அந்த நேரம் பார்த்து மகள் பாப்கார்னில் கை வைக்குமுன் சானிடைசரை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாள். ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முன் வரிசையிலிருந்த ஓர் அம்மாள் திரும்பி முறைத்தார்.

“யப்பா, அவனே அழுதுகிட்டு நிக்கான், நீ சிரிக்கே” என்றாள் மகள்.

அவளிடம் விளக்க முடியவில்லை. உங்களிடம் சொல்லலாம். ரோபோக்களுக்குள் தகராறு வந்த கதையை நான் எப்போதோ மேலப்பாளையத்தில் சொல்லி முடித்துவிட்டேன்.

அந்த ஸ்பிரிட் வாசனை கேபிள் டிவி அறையினுடையது. கேசட் போடுகிற டெக்கின் ஹெட்டில் பூஞ்சை பிடித்தால் படம் கோடு கோடாக மழை பெய்யும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். காதர் அண்ணாச்சி என்பவர் மாடியறை ஒன்றில் அந்த ஊருக்கென்று கேபிள் நடத்திவந்தார். நானும் மைதீனும் அங்கே வேலைக்கு இருந்தோம். மைதீன் உள்ளூர்க்காரன். நான் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து டிப்ளமோவும் கையுமாக வந்தவன். காணாமல் போன ஆட்டுக்கு அறிவிப்பு எழுதுவது, கல்யாண வீட்டுக்கு வாழ்த்து ஓடவிடுவது, மழை பெய்யாதபோதும் மழை பெய்கிற படத்துக்குத் திட்டு வாங்குவது, இவ்வளவுதான் வேலை.

ஒருநாள் சவூதியில் தம்மாமிலிருந்து வந்த ஒருவர், பிள்ளைகள் பார்க்கட்டும் என்று ரோபோ கார்ட்டூன் கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். போட்டுப் பார்த்தால் ரோபோக்கள் அரபியில் பேசின. மைதீனுக்கு அரபி ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியாது.

“சத்தத்தை அமத்திட்டு நீங்களே தமிழ்ல பேசிருங்கலே” என்றார் அண்ணாச்சி.

மைக்கைச் செருகினோம். நீல ரோபோவுக்கு நான், கறுப்பு ரோபோவுக்கு மைதீன். என் குரல் அப்போது சீக்குக் கோழி மாதிரி இருக்கும். அதனால் பிளாஸ்டிக் வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவேன். “ஏலே, நில்லுலே!” என்று நீல ரோபோ கர்ஜித்தால் தெருவில் பிள்ளைகள் விசிலடிப்பது மாடிவரைக்கும் கேட்கும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பீடி சுற்றுகிற பெண்கள்கூட முறத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியதற்குக் கேட்பானேன்! அந்த வாளியை வேறு யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன்.

பிரச்சினை போனில் வந்தது. ஒரு பெண்மணி கேட்டார்: “ஏம் தம்பி, அந்த ரெண்டு மெசினுக்கும் என்ன தகராறு? தெனமும் அடிச்சுக்கிடுதாவளே தவிர, காரணத்தைச் சொல்ல மாட்டேங்கியளே.”

நியாயமான கேள்வி. எங்களுக்கு வந்தவை நடுவிலிருந்து தொடங்கும் கேசட்டுகள். மறுநாள் திரையில் கறுப்பு ரோபோ ஓர் இரும்புத் தூணைப் பிடுங்கியது. எனக்குள்ளிருந்த கதாசிரியன் விழித்துக்கொண்டான்.

“நம்ம ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்கதானலே? எம் பக்கத்து முருங்கை மரத்தை எதுக்குலே வெட்டுனே?” என்றேன் வாளிக்குள்ளிருந்து.

மைதீன் என் தொடையில் கிள்ளினான். பாராட்டுகிறான் என்று நினைத்தேன். “அதுல இருந்துதானலே நமக்குள்ள பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு!” என்று இன்னும் கொஞ்சம் நீட்டினேன். மைதீன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “கெடுத்தியேலே” என்றான்.

பிறகுதான் தெரிந்தது. காதர் அண்ணாச்சிக்கு அசன் என்று ஓர் அண்ணன், அடுத்த வீட்டிலேயே இருக்கிறார். நடுச்சுவரை ஒட்டி நின்ற முருங்கை மரத்தை அவர் வெட்டிவிட்டதால் இருவருக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

மறுநாள் காலையில் படியில் தடதடவென்று சத்தம். அசன் அண்ணாச்சி. “யாருலே அந்த நீல மெசினு? எந் தம்பிக்கு வக்காலத்து வாங்குனது?”

நான் வாளியைப் பின்னால் மறைத்தேன். வேலை போயிற்று, உதையும் உண்டு என்று நினைத்தேன். காதர் அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழவே இல்லை.

“மரம் எம் பக்கம்லா நின்னுது! ஊருக்கே தப்பாச் சொல்லியாச்சு. இன்னைக்கு மாத்திச் சொல்லணும்” என்றார் மூத்தவர்.

“வேரு எங்க பக்கம்” என்று டெக்கைப் பார்த்துச் சொன்னார் இளையவர்.

“வேரை யாரு திங்கா? காயி எங்கன காச்சுது?”

அத்தனை வருடத்துக்குப் பின் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது என்று மைதீன் என் காதில் சொன்னான். கடைசியில், அவரவர் கட்சியை அவரவரே பேசுவது என்று முடிவாயிற்று. சாயங்காலம் என் வாளியை மூத்தவரிடம் ஒப்படைத்தேன். நீலம் அவர். கறுப்பு காதர் அண்ணாச்சி. நானும் மைதீனும் சுவரோரம் நின்றோம்.

திரையில் ரோபோக்கள் இடியும் நெருப்புமாக மோதின. நீல ரோபோ கறுப்பை மலையிலிருந்து தள்ளிவிட்டது. அந்த இடத்தில் ‘ஒழிஞ்சு போ’ என்று சொல்ல வேண்டும், நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அசன் அண்ணாச்சி வாளியைக் கீழே வைத்தார்.

“ஏலே காதரு, கண்ணு ஆபரேசன் பண்ணுனியாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“நீங்கதான் எங்கூடப் பேச மாட்டியளே.”

“பேசாட்டா என்னலே? சொல்ல வேண்டியதுதான?”

மைக் திறந்தே இருந்தது. திரையில் நகரமே தீப்பற்றி எரிந்துகொண்டிருக்க, ஊர் முழுக்க வீடுகளில் ஒரு வயதான மனிதர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. கீழே தெருவில் ஒரு பிள்ளைகூட விசிலடிக்கவில்லை. மைதீன்தான் எட்டிப்போய் ஜவுளிக்கடை விளம்பரத்தைத் தட்டிவிட்டான்.

மரம் யார் பக்கம் என்பது கடைசிவரை தீரவில்லை. அதைப் பேசுவதற்காகவே அசன் அண்ணாச்சி தினமும் மாடியேறி வந்தார்; டீ வந்ததும் இருவருக்கும் தொண்டை திறந்துவிடும்.

அந்த மாடி இப்போது இல்லை. பெரிய கம்பெனிகள் பெட்டி கொண்டுவந்து வைத்து, நூற்றுக்கணக்கில் சேனல் கொடுத்தன. மைதீன் துபாய்க்குப் போனான். அண்ணன் தம்பி இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் பேசிய எதையும் பதிவு செய்யவில்லை. வாயிலிருந்து கம்பியில் போனது, வீடுகளில் கேட்டது, அத்தோடு சரி. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே சத்தம் கேட்ட காலம் அது. இப்போது ஆளுக்கொரு செல்போனில் ஆளுக்கொரு படம். யார் யாரோடு பேசுவதில்லை என்பதுகூட ஊருக்குத் தெரிவதில்லை.