ஸ்டெல்லா அக்காவின் அட்டையில் ஒரு மலை

பாலக்கோட்டில் கிளை நூலகராக இருக்கிறேன். அன்று காலை, மலை ஊர்க்காரர்கள் சிலரின் பெயர்களைக் கணினியில் பதிந்துவிட்டு, ஸ்டெல்லா அக்காவின் போனுக்காகக் காத்திருந்தேன். வெளியே தக்காளி மண்டிக்குப் போகிற டெம்போக்களின் ஹாரன் சத்தம். போன் அடித்தது. அக்காவின் பெயர்தான் வந்தது. எடுத்தால் ஆண் குரல்.

"சார், சித்தேரி மலை பஸ் கண்டக்டர் பேசறனுங்க. இந்த போன்ல கடைசியா உங்க நம்பருதான் இருந்துச்சு. அம்மா நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு சன்னல்ல சாஞ்சிட்டாங்க. கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தோம். வர்றதுக்குள்ளயே உசிரு போயிடுச்சின்னு சொல்றாங்க. அவங்க வூட்டு நம்பரு தெரியுங்களா?"

நம்பரைச் சொன்னேன். பிறகு நூலகர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டேன். முதலில் வந்த பதில், 'ஓகே, நோட்டட்'. அடப்பாவிகளா! சுற்றறிக்கைகளுக்குப் பதில் போட்டுப் போட்டு எங்களுக்கு விரல் அப்படிப் பழகிவிட்டது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்டெல்லா மேரி அவர்கள் சித்தேரி மலையில் ஓர் ஊர்ப்புற நூலகத்தின் நூலகர். வீடு அதியமான்கோட்டையில். விவசாயக் கத்தோலிக்கக் குடும்பம். தினமும் பஸ் மாறி மலையேறுவார். குட்டையான உருவம், பெரிய கைப்பை, யாரிடமும் தணியாத குரல். மலையில் அவருக்கு 'புத்தகக்காரம்மா' என்று பெயர்.

எனக்கு அவர் பழக்கமானது தருமபுரியில் நடந்த ஒரு நாள் பயிற்சியில். எல்லா நூலகங்களையும் ஒரே மென்பொருளில் இணைக்கப் போகிறார்கள் என்று எங்களை வரவழைத்திருந்தார்கள். பயிற்சி கொடுத்த இளைஞர் திரையில் நூலகங்களின் பெயர்களைக் காட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் வாசகர் கையில் போதுமான புத்தகங்கள் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. நாங்கள் சமோசாவில் மும்முரமாக இருந்தோம். அக்கா எழுந்தார்.

"சிவப்பு ஆனா என்னங்க ஆவும்?"

"தொடர்ந்து சிவப்பா இருந்தா இணைப்பு மேடம்."

"இணைப்புன்னா?"

"பக்கத்து நூலகத்தோட சேர்த்துருவாங்க."

"எங்களுக்குப் பக்கத்து நூலகம் மலைக்குக் கீழ இருக்குதுங்களே. அவங்க மேல வருவாங்களா, நாங்க கீழ போவணுமா?"

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. உட்கார்ந்த பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, இது சிரிக்கிற புள்ளி இல்ல" என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

அடுத்த சில மாதங்களில் விளங்கியது. கணினிக்கு நிதி வந்தது. மலைக்கு இன்டர்நெட் கொண்டுவர நிதி வரவில்லை. பயிற்சியும் அந்த ஒரு நாளோடு சரி. பழைய உறுப்பினர்களைப் புது மென்பொருளுக்கு மாற்ற வேண்டுமென்றால், அவரவர் போனுக்கு ஓடிபி வரும். அதைப் பத்து நிமிடத்துக்குள் போட வேண்டும். அந்த ஊரில் டவரே இல்லை. மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் மட்டும் சிக்னல் கிடைக்கும், அதுவும் மழை மேகம் இறங்கினால் போய்விடும். இத்தனை காலம் அட்டை வைத்திருந்த மலைச் சனங்கள் எல்லோரும் ஒரே நாளில் கணக்கில் இல்லாதவர்கள் ஆனார்கள். திரையில் அந்த நூலகத்துக்கு இருந்த ஒரே உறுப்பினர் ஸ்டெல்லா அக்கா.

அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். இனி அவருக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். பணியாளர் அட்டைக்குப் புத்தக வரம்பு வைக்க மென்பொருள் எழுதியவர்கள் மறந்திருந்தார்கள். மலையில் யார் என்ன புத்தகம் எடுத்தாலும் அக்கா தன் அட்டையில் போட்டுக்கொண்டார். தினை வயலுக்குக் காவல் போகிறவர், காலேஜுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற பெண், பஞ்சாயத்து போர்டுக்காரர், எல்லோருடைய புத்தகமும் அவர் பெயரில். கைப்பையில் புத்தகங்களின் எண்களைக் குறித்துக்கொண்டு இறங்குவார். கீழே சிக்னல் கிடைத்ததும் போனில் பதிவார். புள்ளி பச்சையாக நின்றது.

"அக்கா, மாட்டினா வேலை போயிடும்" என்றேன்.

"மாட்டாட்டி நூலகம் போயிடும் தம்பி. எது தேவலாம், நீங்களே சொல்லுங்க."



ஒருநாள் காலையில் போன் செய்தார். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "தம்பி, பேர்ப் பட்டியலைத் தொறந்து பாருங்க. அந்த ஆத்தோரத்து ஊர் நூலகம் இருக்குதா?"

தேடினேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இல்லை.

"நேத்து சாயங்காலம் இருந்துச்சு. செவப்பா இருந்துச்சு. இன்னைக்கிப் பேரையே காணோம். அந்த நூலகருக்குப் போன் போட்டேன், அவருக்கே தெரியல. சாவியைக் கையில வெச்சிக்கிட்டு நிக்கறாரு."

கடிதம் இல்லை, உத்தரவு இல்லை, போன்கூட இல்லை. ஒரு பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது, அவ்வளவுதான். அன்றிலிருந்து காலையில் கணினியைத் திறந்ததும் நாங்கள் இருவரும் முதலில் பார்ப்பது எங்கள் ஊர்ப் பெயர்களைத்தான்.

அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. "நான் ரிடையர் ஆனா என் கார்டும் ரிடையர் ஆயிடும். அன்னைக்கி மலை மொத்தமும் செவப்பு" என்பார். படியேறினால் மூச்சு வாங்கியது. டாக்டரைப் பார்க்கச் சொன்னால், "இந்த மாசம் கழியட்டும்" என்றார். எல்லா மாதமும் அதையேதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்து ஒருமுறை கத்திக்கூட விட்டேன். அதற்கும் சிரித்தார்.

கடைசியாக ஒரு திட்டம் போட்டார். மலை ஊர்க்காரர்களைச் சிக்னல் கிடைக்கிற வளைவுக்குக் கூட்டிவந்து நிறுத்துவது. பாலக்கோட்டிலிருந்து நான் ஒவ்வொரு பெயராகப் பதிவது. வருகிற ஓடிபியை அவர் போனில் எனக்குப் படித்துச் சொல்வது. பொது மென்பொருளில் எங்கிருந்தும் எந்த நூலகத்துக்கும் பதியலாம். அது ஒன்றுதான் அதில் எங்களுக்குக் கிடைத்த புண்ணியம். மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது நாள் குறித்தார். பஸ் ஏறும்போது பேசினார். "இன்னைக்கி அவங்கவங்க பேரு அவங்கவங்களுக்கு வந்துடும் தம்பி. நீங்க பத்து மணிக்குப் போட ஆரம்பிங்க." அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. நான் பத்து மணிக்குப் போட ஆரம்பித்தேன். பஸ் அந்த வளைவு வரைக்கும்கூடப் போகவில்லை.

மறுநாள் அதியமான்கோட்டையில் அடக்கம். மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். மாலை கொண்டுவந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் கையில் புத்தகம். வரிசையாக வந்து பெட்டியின் காலடியில் வைத்தார்கள். ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த சாமியார் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

தினைக்காட்டுக் காவல்காரர் வெள்ளையனைத் தனியே இழுத்துக் கெஞ்சினேன். "இன்னைக்கி மாசக் கடைசிங்க. புத்தகத்தைத் திருப்பிட்டா கணக்குல ஒண்ணும் இருக்காது. நாளைக்கிக் குடுங்களேன்."

அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "அது ஆவாதுங்க சார். எங்க ஊர்ல செத்தவங்ககிட்ட வாங்கினதைப் பொணம் எடுக்கறதுக்குள்ள திருப்பிடணும். அவங்க பேர்ல சொமை இருந்தா எப்படிப் போவாங்க? உங்க மிசின்ல கழிச்சிடுங்க."

பிறகு மேல் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். "கீழ எறங்கினதும் இது வந்துச்சுங்க. அம்மா படிச்சுச் சொல்றேன்னு சொன்ன நம்பரு இதுதானுங்களா? இப்பச் சொன்னா ஆவுங்களா?"

முந்தின நாள் பத்து மணிக்கு நான் அனுப்பிய ஓடிபி. அதுவரைக்கும் அடக்கிவைத்திருந்த அழுகை எனக்கு அங்கேதான் வெடித்தது.

மண் போட்டு முடிந்ததும் அதே வேனில் எல்லோரும் பாலக்கோட்டுக்கு வந்தோம். புத்தகங்களை ஒவ்வொன்றாக அக்காவின் அட்டையிலிருந்து கழித்தேன். பாதியில் பச்சை போய்விட்டது. கடைசிப் புத்தகத்தையும் கழித்தபோது திரையில் வந்தது: 'இந்த உறுப்பினர் பெயரில் நூல் எதுவும் இல்லை.' மலை நூலகத்தின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி நின்றது. அக்கா உயிரோடு இருந்தவரை அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

வெள்ளையன் போனை மேசையில் வைத்தார். அவர் பெயரைப் பதிந்தேன். உடனே போன் சத்தம் கொடுத்தது. எண்ணை அவரே எழுத்துக்கூட்டுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார். அவருக்குப் பின்னால் அந்தக் காலேஜ் பெண், பிறகு பஞ்சாயத்து போர்டுக்காரர், பிறகு மற்றவர்கள். திருப்பிக் கொடுத்த புத்தகங்களையே அவரவர் பெயரில் வாங்கிக்கொண்டார்கள். நடுவில் சர்வர் நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது நள்ளிரவு தாண்டி, மாதம் முடிந்துவிட்டது. எத்தனை பதிவுகள் உள்ளே போயின, அது போதுமா போதாதா, யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஓர் அதிகாரியிடம் கேட்டதற்கு, "பட்டியல் வரும், பாருங்க" என்றார்.

தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன். புள்ளி இன்னும் சிவப்புதான். பெயர் இன்று காலை வரை இருக்கிறது.

போய் வாருங்கள், அக்கா. உங்கள் பெயரில் ஒரு புத்தகமும் பாக்கி இல்லை. இருப்பதெல்லாம் அவரவர் பெயரில்தான் இருக்கிறது.