டாட்சனுக்காகப் போட்ட மொட்டை

டாட்சன் என்ற அமெரிக்க ஆட்டக்காரனை, திருத்தணி மலையில் நான் போட்டுக்கொண்ட மொட்டைதான் மீட்டுக் கொடுத்தது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். சும்மா நம்பவில்லை. யாரிடமும் சொல்லாமலே, சத்தியம் செய்யும் அளவுக்கு நம்பினேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அவளை அமெரிக்காவுக்கு அழைத்துப்போக வந்த அவள் புருஷன், எங்கள் பாவா, ஒரு கம்ப்யூட்டரையும், அதற்கென்றே ஒரு சின்ன டிவியையும், நம்மூர்க் கரண்டை அதற்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்க அம்மிக்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரையும் கொண்டுவந்திருந்தார். பின்கட்டில் அப்பாவின், எங்கள் நைனாவின், பவர்லூம் இரண்டும் ஓடினால் திரையிலிருந்த எழுத்தெல்லாம் சுருங்கும். அதனால் தறிக்காரர்கள் சாப்பாட்டுக்குப் போகும் மதிய வேளைதான் எங்கள் ஆட்ட நேரம்.

ஆட்டத்தின் பெயர் பேஸ்பால். திரையில் யாரும் ஓடவும் மாட்டார்கள், எறியவும் மாட்டார்கள். பெயர்ப் பட்டியல் மட்டும் வரும். யாரைப் பந்து எறிய விடுவது, எப்போது அவனை மாற்றுவது, அடிப்பவன் ஓங்கி அடிக்கலாமா மெல்லத் தட்டலாமா என்று நாம் முடிவெடுத்து ஒரு எண்ணை அழுத்த வேண்டும். மீதியைக் கம்ப்யூட்டரே ஆடிவிட்டு, என்ன ஆயிற்று என்று ஒரே வரியில் சொல்லும். என் கட்சியில் டாட்சன்தான் சூரன். அவன் எறிந்தால் எதிர்க்கட்சியில் மூன்று பேர் வரிசையாக வந்து வரிசையாகப் போவார்கள்.

“நான் இல்லாதப்ப தொடாதப்பா. என் ஆபீஸ் வேல எல்லாம் இதுலதான் கீது” என்று பாவா சொல்லியிருந்தார்.

அக்காவும் அவரும் திருவாலங்காட்டுக்கு விருந்துக்குப் போன அன்று தொட்டேன். எங்கள் தெருக் கிரிக்கெட் அணிக்கு நான்தான் கேப்டன். பேஸ்பாலும் கிரிக்கெட்டும் ஒன்றுதான், அமெரிக்காக்காரனுக்கு மட்டையைத் தட்டையாகச் சீவத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்பது என் முடிவு. என் திட்டமும் கேப்டனுக்குத் தகுந்த திட்டம். வேகப்பந்துக்காரனை ஒரேயடியாக ஓட்டக் கூடாது. முதலில் போடவிட்டு, நடுவில் ஓய்வு கொடுத்து, கடைசியில் இறக்க வேண்டும். ஆறு சுற்று முடிந்தபோது நாங்கள் நாலு, கம்ப்யூட்டர் ஒன்று. டாட்சனை வெளியே எடுத்தேன். “போய்த் தண்ணி குடிடா” என்று வாய்விட்டே சொன்னேன்.

அவனுக்குப் பதில் வந்தவனைக் கம்ப்யூட்டர் வெளுத்து வாங்கியது. ஒன்பதாவது சுற்று, கடைசிச் சுற்று. நாலுக்கு நாலு. பரவாயில்லை, இதற்காகத்தானே ஆளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பட்டியலைத் திறந்தேன். டாட்சன் இல்லை.

மறுபடி திறந்தேன். மேலிருந்து கீழ் படித்தேன், கீழிருந்து மேல் படித்தேன். கையில் பட்ட பொத்தானையெல்லாம் அழுத்தினேன். டிவிக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். கணக்கு சீக்கிரமே தெளிவாகிவிட்டது. பாவாவின் ஆளை நான் அழித்துவிட்டேன். அவனோடு ஆபீஸ் வேலையும் அழிந்திருக்கும். இந்த வீட்டுச் சம்பந்தமே வேண்டாம் என்று பாவா தனியாக விமானம் ஏறுவார். அக்காவின் புதுப் பெட்டி, புது ஸ்வெட்டர், அம்மா இடித்து வைத்த பொடிகள் எல்லாம் கூடத்திலேயே கிடக்கும். ஊர் கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள்.

ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. முருகா, டாட்சனைத் திருப்பிக் கொடு, மொட்டை போடுகிறேன்.

அவன் வந்த பிறகு போட்டால் போதும்தான். ஆனால் முன்பணமாகவே கொடுத்துவிட்டால் சாமிக்கு மறுக்க வழியிருக்காது என்று கேப்டன் மூளை சொன்னது. அம்மாவிடம் போய், அக்கா நல்லபடியாக ஊர் போய்ச் சேர வேண்டுதல் என்றேன்.

“பரீட்சைக்கே மலையேறாதவன், இன்னாடா திடீர்னு?” என்றார் நைனா.

“நீங்க கம்முனு இருங்க. அக்கா மேல புள்ளைக்கு எவ்ளோ உசுரு பாருங்க” என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

விருந்திலிருந்து திரும்பிய பாவா அசதியில் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. மறுநாள் காலையில் நைனா என்னை மலைக்குக் கூட்டிப் போனார்.

“தலைய ஆட்டாத கண்ணு. வாயில இன்னா முணுமுணுத்துகினே கீற?” என்றார் சிரைப்பவர்.

“டாட்சன், டாட்சன்னு.”

“நல்ல சாமி பேரா சொல்லுடா.”

சந்தனம் பூசிய தலையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். பாவா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். என் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. திரையில் பட்டியல் தெரிந்தது. முதல் பெயர், டாட்சன்.

“பாவா! டாட்சன் எப்ப வந்தான்?”

“அவன் எங்கடா போனான்? இங்கதான கீறான். தோ, மொட்டையாண்டி, வந்து ஆடு.”

நான் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அதற்குள் அம்மா சேதியைச் சொல்லியிருக்க, அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் கண்ணீர் மொட்டைத் தலையில் விழுந்து சந்தனம் என் மூக்கில் வழிந்தது. “எனக்காகவா கண்ணு?” என்று கேட்டாள்.

“ஆங்” என்றேன். கூசாமல்.

மொட்டையும் சந்தனமுமாக என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினாள். அந்தப் படம் இன்றும் அவள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டி, தம்பி எனக்காக முடி கொடுத்தான் என்று சொல்வாளாம்.

இருபது வருடம் கழித்து பாவாவிடம் மட்டும் போனில் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துத் தீர்த்து மூச்சு வாங்குவதற்குள் என் அழைப்பு அட்டையில் இருந்த காசு பாதி கரைந்துவிட்டது. பிறகு விஷயத்தைச் சொன்னார். பேஸ்பாலில் வெளியே எடுத்த ஆட்டக்காரன் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. அதனால்தான் கம்ப்யூட்டர் அவன் பெயரைக் காட்டவில்லை. அடுத்த ஆட்டம் தொடங்கினால் எல்லோரும் பட்டியலில் இருப்பார்கள், யார் மொட்டை போட்டாலும் போடாவிட்டாலும்.