ஏகாதசியன்று அடித்த மருந்து

ரங்கம்மா பிறவியிலேயே பயந்தவள். கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று இரண்டு தடவை பார்க்காமல் தெருமுனையைக்கூடத் தாண்டமாட்டாள். திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருஷம் டைப்பிஸ்ட். அடித்த கடிதத்தை மூன்று முறை படித்த பிறகுதான் கையெழுத்துக்கு அனுப்புவாள். இப்படிப்பட்ட மகராசிதான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

ஓய்வுபெற்ற அன்று கல்லூரித் தோட்டக்காரர் அற்புதசாமி ஒரு கவரில் சால்வியா விதை கொடுத்தார். அலுவலக வாசலில் சிவப்புச் சிவப்பாய்க் கதிர்விட்டு நிற்குமே, அந்தப் பூ. ஸ்ரீரங்கத்து மொட்டை மாடியில் அதைப் பிழைக்கவைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. உச்சி வெயில் பட்டால் துவண்டுவிடும், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். நாலு இலை விட்டதும் நுனியைக் கிள்ளினாள். பூத்து வெளுத்த கதிரை உடனுக்குடன் வெட்டினாள். மூன்றாம் வருஷம் பன்னிரண்டு தொட்டியும் சொல்லிவைத்தாற்போலப் பூத்தன.

"வாசனையே இல்லை. பெருமாளுக்கு ஆகாத பூவுக்கு இத்தனை உபசாரமா?" என்பார் கணவர் சாரங்கபாணி. கேலிதான். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்தப் பன்னிரண்டு தொட்டிகள்தான்.

இந்த ஆடியில் வெள்ளை ஈ வந்தது. இலையைத் திருப்பினால் அடியில் மாவு தூவினாற்போல் அப்பிக்கிடந்தது. வேப்பெண்ணெய்க்கும் சோப்புத் தண்ணீருக்கும் அது மசியவில்லை. கடைசியில் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் மருந்து வாங்கினாள். "கடுமையான மருந்தும்மா, கையில படாம பாத்துக்கங்க" என்று கடைக்காரர் சொன்னதிலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கணவரிடம் மூச்சு விடவில்லை. அந்தக் கேலியை இன்னொரு தரம் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

சால்வியாவுக்குப் பக்கத்திலேயே துளசித் தொட்டி. அந்த வீட்டில் அதைத் திருத்துழாய் என்றுதான் சொல்வார்கள். தினமும் அதில் பறித்த இலையைத் தீர்த்தத்தில் போட்டுப் பெருமாளுக்குக் காட்டிவிட்டு, இருவரும் சாப்பிடுவார்கள். அதனால் ரங்கம்மா நாள் பார்த்தாள். துவாதசியன்று திருத்துழாயைப் பறிக்கக் கூடாது. அன்றைக்கு வேண்டியதையும் சேர்த்து முதல் நாள் ஏகாதசி காலையிலேயே சாரங்கபாணி பறித்துவைத்துவிடுவார். ஆக, ஏகாதசி மத்தியானம் மருந்தடித்தால் அதற்கு மறுநாள் முழுக்க அந்தச் செடியை ஒருத்தரும் தொடப்போவதில்லை. அதற்குள் நாலு வாளித் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம்.

அவர் கோயிலுக்குப் போன நேரத்தில், துளசியைப் பழைய வேஷ்டியால் போர்த்திவிட்டு, புடவைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு அடித்தாள். ஆடிக் காற்று ஒரே வீச்சில் வேஷ்டியைத் தூக்கிக் கைப்பிடிச் சுவரில் போட்டது. பதறினாள். பிறகு, யார் தொடப்போகிறார்கள் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு இறங்கினாள்.

மறுநாள் துவாதசி. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வயிற்றில் முதலில் தீர்த்தம், பிறகுதான் விரதம் முடிக்கும் சாப்பாடு. தீர்த்தம் சாப்பிட்டாகி, இலை போட்டு, அகத்திக்கீரையைப் பரிமாறும்போது சாரங்கபாணி சாவகாசமாகச் சொன்னார்.

"நேத்திக்குப் பறிச்சதையெல்லாம் அடுத்தாத்து ஜனார்தனுக்குக் குடுத்துட்டேன். அவா செடி பட்டுப்போச்சாம். அப்புறம் அஸ்தமிக்கறதுக்கு முன்னாடி மாடிக்குப் போய் நமக்கு வேற பறிச்சுண்டு வந்தேன்."

ரங்கம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"ஏன்னா, அலம்பினேளா?"

"பெருமாள் திருத்துழாயை என்னத்த அலம்பறது?"

எழுபத்தொரு வயது மனுஷர். வெறும் வயிறு. வாயைத் திறந்தால் மானம் போகும், திறக்காவிட்டால் தாலி போகும். அவர் கீரையை வாயருகில் கொண்டுபோனார்.

"சாப்பிடாதேங்கோ! அந்தத் திருத்துழாய் மேல விஷம் பட்டிருக்கு. நான்தான் அடிச்சேன்."

சாரங்கபாணி கீரையை இலையிலேயே போட்டார். எழுந்து கைகழுவினார். "மருந்து பாட்டிலை எடுத்துக்கோ" என்றார்.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியது. "வயத்தைப் புரட்டறதா? தலை சுத்தறதா?" என்று நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டாள். அவர் உதடு நீலம் பாய்கிறதா, மூச்சு இளைக்கிறதா என்று கண்கொட்டாமல் பார்த்தாள். ரங்கநாதா, இவரை விட்டுவிடு என்பதைத் தவிர அவள் மனசில் வேறு வார்த்தையே இல்லை. அவர் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். கோபம்தான் என்று நினைத்தாள். பாதிப் பாலத்தில் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன?"

"நீயும்தானேடி சாப்பிட்டே."

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. மடியிலிருந்த மருந்து பாட்டிலைக் குனிந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாட்டிலை வாங்கிப் படித்தார். இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்து, ரத்தம் எடுத்து, சாயங்காலம்வரை பார்த்தார். "நாலு இலையில பட்டது ரொம்பக் கம்மிதான். பயப்பட ஒண்ணுமில்லைங்க. இனிமே மருந்தடிச்சா வீட்டுல சொல்லிட்டு அடிங்கம்மா" என்று அனுப்பிவைத்தார்.

"ஏன் சொல்லலே?" என்று வரும் வழியில் கேட்டார் சாரங்கபாணி.

"பெருமாளுக்கு ஆகாத பூவுக்கு மருந்து வேறயான்னு கேப்பேள்."

"அதுக்காகவா?" என்றார்.

மறுநாள் காலை, கோயில் வாசலில் பூக்காரி பவுனம்மாளிடம் வாங்கிவந்த துளசியை ரங்கம்மா ஏழு தண்ணீரில் அலம்பினாள். பூஜை முடிந்து சாரங்கபாணி தீர்த்தத்தை உள்ளங்கையில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனார்.

"இருங்கோ." ரங்கம்மா கையை நீட்டினாள். "எனக்கு முதல்ல விடுங்கோ."

நாற்பது வருஷமாக அவருக்கு அப்புறம்தான் அவள். அவர் தன் கையிலிருந்ததைத் தீர்த்த வட்டிலிலேயே விட்டுவிட்டு, அவள் கையில் மூன்று முறை விட்டார். மூன்றையும் சாப்பிட்டுவிட்டு அவள் தரையில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போறும்டி, ஒண்ணும் ஆகாது."

"இன்னும் பத்து நிமிஷம்" என்றாள்.

சாரங்கபாணி வட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். கடிகாரத்தை அவர் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.