குங்குமம் வைத்த போன்

பெங்களூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள பூங்காவில் ஊரில் இருக்கும் நாளெல்லாம் காலையில் ஒருவர் மல்லாந்து படுத்து மூச்சு விடுகிறார். வயது நாற்பத்தைந்து இருக்கும். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டாராம். இனி மூச்சு விடுவதுதான் வேலை. மாதத்தில் பத்து நாள் மலை, பத்து நாள் கடல், மிச்ச நாளில் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கொஞ்சம் சம்பாத்தியம். "நீவு ரிட்டயர்டா? எஞ்சாய் மாடி சார்!" என்று என்னைக் கன்னடத்தில் வாழ்த்தினார். நான் பதறிப்போய், "இல்ல சார், வேலைக்குப் போறேன், சத்தியமா போறேன்" என்றேன். என் சொந்த ஊர் திருப்பத்தூர்ப் பக்கம் ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தன் சும்மா உட்கார்ந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். இங்கே வாழ்த்துகிறார்கள். எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, பத்தொன்பது வயதில் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டைக்கு வந்தவன் நான். முப்பத்து மூன்று வருடம் ஒரே கம்பெனியில் லேத் ஓட்டி இரும்பு கடைந்தேன். பிறகு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. மறுவாரமே பக்கத்துப் பட்டறை முதலாளி வந்து, "மேஸ்திரி, பார்ட் டைம் வாங்க. ஃப்ளெக்சிபிள். எல்லாம் உங்க இஷ்டம்" என்றார். அந்த இஷ்டம் இன்னும் என் கைக்கு வந்து சேரவில்லை. போன் அடித்தால் ஓடவேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை போகாவிட்டால் அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிடுவார்களே, அப்புறம் நான் யார்?

என் மனைவி வசந்தாவுக்கு குடகு மலையில் மடிகேரி பார்க்க ஆசை. இரண்டு தடவை டிக்கெட் எடுத்தோம், இரண்டு தடவையும் போன் அடித்தது, நான் பட்டறைக்கு ஓடினேன். மூன்றாவது டிக்கெட் ஆயுதபூசையன்று காலை ஒன்பது மணி பஸ்ஸுக்கு. "இந்தவாட்டி நீ வரலன்னா உன் சீட்ல ஜெயம்மா உக்காருவா. நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றாள். ஜெயம்மா பக்கத்து வீடு. நான் எப்படியும் வரமாட்டேன் என்று என்மேல் இருந்த நம்பிக்கையில் அவள் முன்கூட்டியே ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள்.

அன்று விடிந்ததும் மைக்ரோமீட்டர், ஸ்பேனர் எல்லாவற்றையும் துடைத்து சாமி முன்னால் வைத்தேன். வசந்தா என் போனை எடுத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஸ்பேனருக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள்.

"அது எதுக்குடி?"

"இப்ப இதானய்யா உன் ஆயுதம்? பூசையில வெச்சத மறுபூசை போடாம தொடக்கூடாது. மறுபூசை நாம திரும்பி வந்தப்புறம்."

கற்பூரம் அணைவதற்குள் போன் அடித்தது.

கம்பெனியில் இருந்தபோது ஒரு வருடம் இதே நாளில், ஏற்றுமதிச் சரக்கு அவசரம் என்று வடநாட்டு மேனேஜர் ஒரே ஒரு மிஷினை ஓட்டச் சொன்னார். பயந்தாங்கொள்ளி நான்தான் முன்னால் போய் நின்று, "இன்னிக்கு அதுக்கு லீவு சார், தொடமாட்டேன்" என்றேன். மிஷினுக்கு எதற்கு லீவு என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. இரும்புக்கு லீவு கேட்ட நான் எனக்கென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

போன் மூன்று தடவை அடித்தது. குங்குமம் அதிர்ந்து உதிர்ந்தது. என் கை பாதிவரை போனது. வசந்தா செருப்பை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினேன்.

மைசூர் வரைக்கும், எனக்குப் பதில் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்ற கவலை. மைசூர் தாண்டியதும், அவன் எத்தனை பீஸைக் கெடுத்திருப்பான் என்ற கவலை. இரண்டாவது கவலை கொஞ்சம் ருசியாகவே இருந்தது.

மடிகேரி லாட்ஜில் பெயர் எழுதும் நோட்டைத் தள்ளினார்கள். "யாவ ஊரு?" என்றார் கவுண்டரில் இருந்தவர். "பெங்களூரு" என்றேன். என் கன்னடத்தைக் கேட்டுவிட்டு, "அது சரி, சொந்த ஊரு?" என்றார். திருப்பத்தூர் போனால் என்னைப் பெங்களூர்க்காரன் என்றுதான் சொல்வார்கள் என்று விளக்க ஆரம்பித்தேன், அவருக்கு நேரமில்லை. ஒரு ஊர் மட்டுமே பிடிக்கும் கட்டத்தில் இரண்டையும் நெருக்கி எழுதினேன். அடுத்த கட்டம் தொழில். பேனா நின்றுவிட்டது.

"என்னய்யா, அங்கியே குடியிருக்கப் போறியா?" என்று பாதி மாடிப்படியிலிருந்து வசந்தா கத்தினாள்.

கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். படியேறும்போது திரும்பிப் பார்த்தேன். முப்பத்து மூன்று வருடம் கர்நாடகத்து இரும்பைக் கடைந்தவனுக்கு நேராக, காலியாக விட்ட அந்தக் கட்டத்தில் கவுண்டர்க்காரர் "டூரிஸ்ட்" என்று எழுதிக்கொண்டிருந்தார்.